ரோட்டே தீவில் ஒரு கடலோர வீடு: வாடகையா, குத்தகையா, அடுத்தவர் பெயரிலா?

பாலிக்குப் போய்ச் சலித்தவர்கள் இப்போது கிழக்கே பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். கடந்த சில மாதங்களில் மட்டும் நான்கு பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டார்கள். இந்தோனேசியாவின் ரோட்டே தீவில், நெம்பரலா என்ற ஊர்ப் பக்கம் கடலைப் பார்த்த மாதிரி பத்து சென்ட் இடம் இருக்கிறது, உள்ளூர்க்காரர் ஒருவர் தன் பெயரில் வாங்கி வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார், செய்யலாமா? இல்லை, லீஸுக்கு எடுக்கலாமா? இல்லை, சும்மா வாடகைக்கே இருந்துவிடலாமா?

நான் அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இரண்டு வருடத்துக்குக் கிட்ட வாடகைக்கு இருந்தவன். அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் கொந்தளிக்கும் ஒரு மேற்குக் காற்றுக் காலத்தை முழுதாக வாடகை வீட்டில் கழித்துப் பார்க்காமல் நிலத்தில் ஒரு காசும் போடாதீர்கள். அதற்குப் பிறகும் ஆசை நின்றால் குத்தகை எடுங்கள். அடுத்தவர் பெயரில் வாங்குவது எந்த நிலையிலும் வேண்டாம்.

## எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறோம்

ரோட்டே, திமோர் தீவின் தென்மேற்கு முனைக்குச் சற்றுத் தள்ளி, நுசா தெங்காரா தீமூர் மாகாணத்தில் இருக்கிறது. 2002-இல் குப்பாங் மாவட்டத்திலிருந்து பிரிந்து ரோட்டே ந்தாவ் என்ற தனி மாவட்டமானது. தலைநகர் பாஆ. ரோட்டேவுக்குத் தெற்கே இருக்கும் ந்தானா என்ற சின்னத் தீவோடு இந்தோனேசியா முடிந்துவிடுகிறது. நெம்பரலாவும் அதை ஒட்டிய கிராமங்களும் தீவின் மேற்கு முனையில், பாஆவிலிருந்து வண்டியில் ஒரு மணி நேரப் பயணம். அலைச்சறுக்குக்காரர்களுக்கு இந்த ஊர் பல காலமாகத் தெரியும். மே முதல் அக்டோபர் வரை அவர்கள் வருவார்கள். அந்த மாதங்களில் வாடகை ஒரு கணக்கு, மற்ற மாதங்களில் வேறு கணக்கு.

நம் ஆட்களுக்கு இந்தத் தீவில் இறங்கியதும் பழகிய இடம் போல ஒரு உணர்வு வரும், ஏனென்றால் எங்கே திரும்பினாலும் பனை. அங்கே லொந்தார் என்கிறார்கள். காலையில் பக்கத்து வீட்டுக்காரர் மரத்திலிருந்து இறங்கியதும், ஓலையிலேயே கட்டிய ஹாய்க் என்ற வாளியைச் சாய்த்து எனக்கு ஒரு குவளை பதநீர் ஊற்றிக் கொடுப்பார். நாம் பட்டையில் குடிப்பதே தான், சுண்ணாம்பு வாசம் மட்டும் இருக்காது. மீதியைக் காய்ச்சிப் பாகாக்கி வைத்துக்கொள்வார்கள். வறட்சி மாதங்களில் அந்தப் பாகைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தே ஒரு வேளைச் சாப்பாட்டை முடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அச்சில் ஊற்றி எடுத்தால் கூலா லெம்பெங், நம் கருப்பட்டிக்குச் சொந்தக்காரன். தாய்மாமனுக்கும் அங்கே தனி மரியாதை உண்டு. தோஓ என்பார்கள். அவர் வராமல் கல்யாணமும் இல்லை, சாவுச் சடங்கும் இல்லை.

இந்த ஒற்றுமைகளே ஆளைத் தப்பான இடத்துக்குக் கொண்டுபோய் விடும். நம் ஊர் மாதிரிதானே என்று நினைத்து, பட்டா பார்த்து வில்லங்கம் போட்டு வாங்குகிற நம் ஊர்க் கணக்கை அங்கேயும் போடத் தோன்றும். அந்தக் கணக்கு அங்கே செல்லாது.

## எதை வைத்து எடைபோடுவது

விலையை நான் கடைசியில்தான் பார்ப்பேன். என் வரிசையில் முதலில் சட்டம், பிறகு தண்ணீர், பிறகு கடல், பிறகு குடும்பம், பிறகு வெளியேறும் வழி.

சட்டம் எளிது. 1960-ஆம் ஆண்டின் 5-ஆம் எண் நிலச் சட்டம் முழு உரிமையை, அதாவது ஹக் மிலிக்கை, இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. வெளிநாட்டவருக்கு மிஞ்சுவது குத்தகையும், ஹக் பகாய் என்ற பயன்பாட்டு உரிமையும், கம்பெனி வழியாக வருகிற கட்டட உரிமையும்தான். எவ்வளவு பணம் இருந்தாலும் இந்த வேலியைத் தாண்ட முடியாது. கடலை ஒட்டிய நிலத்துக்கு இன்னொரு வேலியும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் 51-ஆம் எண் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, அலை ஏறும் உச்சக் கோட்டிலிருந்து குறைந்தது 100 மீட்டர் கரைப் பாதுகாப்பு எல்லை. "வாசலில் கடல்" என்று விற்கப்படுகிற இடம் பெரும்பாலும் இந்த 100 மீட்டருக்குள்தான் இருக்கும்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் அதைக் கேட்பதில்லை. ரோட்டேவில் மழை என்பது டிசம்பர் முதல் மார்ச் வரைதான், ஏப்ரலில் ஓய்ந்துவிடும். நான் குடிபோனது மே மாதம். கிணறு நிறைந்து கிடந்தது, இனிப்பான தண்ணீர். ஆகஸ்டில் வாளிக் கயிறு நீண்டது. அக்டோபரில் ஒரு நாள் போட்ட டீ உப்புக் கரித்தது. பாலில் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பாலை மாற்றிப் பார்த்தேன். கிணறுதான் மாறியிருந்தது. அப்புறம் நவம்பர் முடியும்வரை லாரித் தண்ணீரை வாங்கித் தொட்டியில் நிரப்பினோம். லாரியும் சொன்ன நாளில் வராது. மே மாதத்தில் ஒரு வாரம் தங்கி, தென்னையையும் அலையையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர் அந்த அக்டோபர் டீயைக் குடித்திருக்க மாட்டார்.

குடும்பம் என்று நான் சொல்வது நிலத்துக்காரரின் குடும்பத்தை. அங்கே நிலம் பெரும்பாலும் ஒருவர் சொத்து இல்லை. பெயர் ஒருவருடையதாக இருக்கும், உரிமை லெயோ என்கிற குலத்துக்கு இருக்கும். முற்றத்தில் தாத்தா பாட்டியின் கல்லறை இருக்கலாம். நிலத்தில் நிற்கும் பனையை இறக்குவது வேறொரு வீட்டுக்காரராக இருக்கலாம். கரையில் பாசி காயப்போடுவது இன்னொருவராக இருக்கலாம்.

இந்தப் பாசி விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரோட்டேவின் கடலோரக் குடும்பங்களுக்குக் கடற்பாசிதான் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு. 2009 ஆகஸ்டில் ஆஸ்திரேலியக் கடற்பகுதியில் மொந்தாரா எண்ணெய்க் கிணறு வெடித்துக் கசிந்தபோது அந்தத் தொழில் படுத்துவிட்டது. 15,000-க்கும் மேற்பட்ட பாசி விவசாயிகள் சார்பில் ரோட்டேக்காரர் டேனியல் சாந்தா ஆஸ்திரேலிய நீதிமன்றத்தில் வழக்கு நடத்தினார். 2021-இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 2022 நவம்பரில் 19.25 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம் ஆனது. பதின்மூன்று வருடம் போராடி மீட்ட தொழில் அது. நாம் வளைக்கப்போகிற மணல்வெளி அவர்களுடைய களம்.

## கடலைத் தாண்டும் வழி

சென்னையிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர், அங்கிருந்து பாலி, பாலியிலிருந்து திமோர் தீவில் இருக்கும் மாகாணத் தலைநகர் குப்பாங். அதுவரை சிக்கல் எதுவும் இல்லை. குப்பாங்கிலிருந்து ரோட்டேவுக்குப் போக மூன்று வழிகள் இருக்கின்றன.

| வழி | நேரம் | எப்போது நல்லது | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| சிறிய விமானம், குப்பாங்–ரோட்டே | அரை மணிக்குள் | அவசரத்துக்கு, காற்றுக் காலத்தில் | சாமான் எடை வரம்பு, இருக்கை குறைவு, அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும் |
| விரைவுப் படகு, தெனாவ் துறைமுகம்–பாஆ | சுமார் 2 மணி | ஏப்ரல் முதல் நவம்பர் வரை | காற்று வந்தால் நாள்கணக்கில் ஓடாது, குப்பாங்கில் அறை வாடகை |
| வண்டி ஏற்றும் ஃபெர்ரி, போலோக்–பந்தாய் பாரு | 4–5 மணி | பைக், மரம், சிமெண்ட், வீட்டுச் சாமான் கொண்டுபோக | இறங்குமிடம் தீவின் மறுபக்கம், நெம்பரலாவுக்கு மேலும் நீண்ட வண்டிப் பயணம் |

அட்டவணை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஜனவரியில் பல்லுக்காகக் குப்பாங் போனவன் ஒன்பது நாள் அங்கேயே மாட்டிக்கொண்டேன். தினமும் காலையில் தெனாவுக்குப் போய் நிற்பேன். துறைமுக அதிகாரி கடலைத் திறக்கவில்லை என்பார்கள். திரும்பி வருவேன். "லாவுத் தெடுஹ்" என்று யாராவது சொன்னால்தான் உயிர் வரும், கடல் அடங்கிவிட்டது என்று அர்த்தம். பத்தாம் நாள் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பெட்டிக்கடையில் முட்டை இல்லை, வெங்காயம் இல்லை, பாட்டிலில் விற்கிற பெட்ரோலும் இல்லை. கடைக்கார அம்மா சாதாரணமாக, "மாமா, முருங்கைக்கீரை இருக்கிறதே" என்றார்.

பாஆவில் மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் போக வேண்டிய எதற்கும் குப்பாங்தான். இதய நோயோ டயாலிசிஸ் போன்ற தேவையோ வீட்டில் ஒருவருக்கு இருந்தால், கீழே வரும் எல்லா வழிகளையும் விட்டுவிட்டுக் குப்பாங் நகரத்திலேயே வீடு பாருங்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

விசாவும் கடலோடு சேர்ந்த விஷயம்தான். இந்தியர்கள் இறங்கியதும் எடுக்கும் விசா 30 நாள், ஒரு முறை 30 நாள் நீட்டிக்கலாம். அதைவிட 60 நாள் விசா நல்லது, உள்ளேயிருந்தே நீட்டித்து 180 நாள் வரை போகலாம். ஆனால் 2025 நடுவிலிருந்து நீட்டிப்புக்கு அலுவலகத்துக்கு நேரில் போய்ப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும், அதாவது மறுபடியும் படகு. காற்றுக் காலத்தில் விசா முடிகிற மாதிரி வைத்துக்கொள்ளாதீர்கள்.

## வழி ஒன்று: மாத வாடகை, வருட வாடகை

மாதக் கணக்கில் அறை எடுப்பதற்குக் கோஸ் என்று பெயர். முழு வீட்டை வருடக் கணக்கில் எடுப்பது கொந்த்ராக். கொந்த்ராக்கில் ஒரு வருட வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கொடுப்பதுதான் வழக்கம், முன்பணம் என்று தனியாக இருக்காது.

சட்டச் சிக்கல் இல்லை. பிடிக்கவில்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம். வீட்டுக்காரர் பக்கத்திலேயே இருப்பதால் மொழி சீக்கிரம் வரும், யார் வீட்டுப் பன்றி யார் தோட்டத்தில் மேய்ந்தது என்ற ஊர்ச் செய்தியும் வரும். அந்தச் செய்திகள்தான் பிறகு நிலம் பார்க்கும்போது காப்பாற்றும். எனக்கு ஒருவர் காட்டிய ஓர் இடத்தைப் பற்றி, அண்ணன் தம்பிகள் இரண்டு பேர் அதற்காக ஏழு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை என்று சொன்னது பத்திர அலுவலகம் இல்லை, என் வீட்டுக்கார அம்மாதான்.

மறைந்த செலவுகள் எல்லாம் சின்னச் சின்னவை. மின்சாரம் முன்கட்டண மீட்டர். டோக்கன் தீரப்போகும்போது அது ராத்திரி முழுக்கக் கீ கீ என்று கத்தும். பணத்தைப் பாஆவில் எடுத்து வைத்துக்கொண்டுதான் கிராமத்துக்கு வர வேண்டும். அலைப் பருவத்தில் வீட்டுக்காரர் ஆஸ்திரேலியர்களுக்கு அதே அறையை மூன்று மடங்குக்குக் கொடுக்க முடியும், அதனால் மே மாதம் வந்ததும் உங்களைப் பின்கட்டுக்கு மாறச் சொல்லலாம். எனக்கு அது நடந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்த ஆறு மாதச் சம்பாத்தியத்தில்தான் மீதி ஆறு மாதம் ஓடுகிறது. வருட வாடகை பேசும்போதே பருவ மாதங்களையும் சேர்த்து எழுதிக்கொண்டால் போதும்.

வருடத்தில் ஆறு மாதத்துக்குக் குறைவாக இருக்கப்போகிறவர், முதல் முறை வருகிறவர், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர் என்று மூன்று பேருக்கும் இதுதான். வேலை பார்க்கிறவர்கள் இணையத்தை முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். 2024 மே மாதம் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் இந்தோனேசியாவுக்கு வந்த பிறகு நிலைமை மாறியிருக்கிறது. ஆனால் மின்சாரம் போனால் அதுவும் போகும்.

## வழி இரண்டு: நீண்ட குத்தகை

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நம் ஊரில் "வீட்டை லீஸுக்கு எடுத்தேன்" என்றால், ஐந்து லட்சம் கொடுத்து இருந்துவிட்டு, போகும்போது அந்த ஐந்து லட்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது, அதாவது போக்கியம். இந்தோனேசியக் குத்தகையில் பணம் திரும்ப வராது. இருபத்தைந்து வருடத்துக்கான மொத்த வாடகையை முதல் நாளே கொடுத்துவிடுகிறோம், அவ்வளவுதான். காலம் முடிந்ததும் நிலமும், பெரும்பாலான ஒப்பந்தங்களில் மேலே கட்டிய வீடும் சேர்த்து, நிலத்துக்காரருக்கு. இது தெரியாமல் "முதல் எங்கேயும் போகாது" என்று நினைத்து வீட்டில் நகையை அடகு வைத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

தெரிந்தே செய்தால் இது நேர்மையான வழி. நீங்கள் என்ன வாங்குகிறீர்கள் என்பது இரண்டு பக்கமும் தெரியும். குடும்பத்துக்கு நிலம் போகவில்லை, பேரன் காலத்தில் திரும்பி வரும். அதனாலேயே விற்பனைக்குச் சம்மதிக்காத பெரியவர்கள் குத்தகைக்குச் சம்மதிக்கிறார்கள். வேறொருவருக்கு நிலம் விற்கப்பட்டாலும் ஏற்கெனவே போட்ட குத்தகை முறிவதில்லை என்று அந்நாட்டுக் குடிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் நிலச் சட்டத்தின்படி குத்தகை உரிமை இந்தோனேசியாவில் வசிக்கும் வெளிநாட்டவருக்குத்தான். சுற்றுலா விசாவில் வந்துபோகிறவர் இருபத்தைந்து வருடக் குத்தகை எழுதினால் கேள்வி எழ இடம் உண்டு. வசிப்பு அனுமதியை முதலில் முடித்துவிட்டு எழுதுங்கள்.

செலவில் விடுபடுவது வரி. நிலக் குத்தகை வருமானத்துக்கு 10 சதவீதம் வரி உண்டு. சட்டப்படி அது நிலத்துக்காரருடையது, பேச்சில் அது உங்கள் தலையில் வந்து விழும். நோட்டரி கட்டணம், அளவைக் கட்டணம், வேலி, கிணறு, தொட்டி, மின் இணைப்பு எல்லாம் தனி. கூரையும்தான். 2021 ஏப்ரலில் செரோஜா புயல் இந்த மாகாணத்தை அடித்தபோது பறந்த தகரங்களை ஊரில் இன்னும் கதையாகச் சொல்கிறார்கள். சிமெண்டும் கம்பியும் ஃபெர்ரியில் வர வேண்டும் என்பதால், குப்பாங் விலையை வைத்துப் போட்ட கட்டுமானக் கணக்கு எதுவும் நிற்காது.

நம் பக்கத்து வேலையும் இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையை இந்திய அந்நியச் செலாவணி விதிகள் வெளிநாட்டில் அசையாச் சொத்து வாங்கியதாகவே பார்க்கின்றன. ஆளுக்கு வருடத்துக்கு 2,50,000 டாலர் வரம்புக்குள் வங்கி வழியாக அனுப்ப வேண்டும். பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரி பிடித்துவைக்கும், பிறகு கணக்கில் கழித்துக்கொள்ளலாம். வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் காட்டவும் வேண்டும்.

ஒப்பந்தப் பேச்சு எப்படி நடக்கும் என்று ஒருமுறை கூட இருந்து பார்த்தேன். என் வீட்டுக்காரரின் உறவுக் குடும்பம் ஒன்று, ஒரு வெளிநாட்டுத் தம்பதிக்கு இருபது வருடக் குத்தகை எழுதியது. நோட்டரி காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் ஒருவர்தான். ஆனால் திண்ணையில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெற்றிலை பாக்குத் தட்டு இரண்டு சுற்று வந்தது. மூத்த பையன் பேசினான், யாரும் பதில் சொல்லவில்லை. கடைசியில் வந்தவர் அவர்களுடைய தோஓ. வந்து உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, முற்றத்துக் கல்லறைகளைக் கையால் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "செத்தவர்களைப் பார்க்க எங்கள் பிள்ளைகள் எந்த வழியாக வருவார்கள்?" அந்த வழியை ஒப்பந்தத்தில் எழுதினார்கள். பனை இறக்குபவர் வழக்கம் போல வந்து போவார் என்பதையும் எழுதினார்கள். பிறகு பதினோரு பேரும் சாட்சியாகக் கைநாட்டோ கையெழுத்தோ வைத்தார்கள். அந்த வீட்டில் இன்றுவரை தகராறு இல்லை.

எனவே எழுதிக்கொள்ள வேண்டியவை இவை: நிலத்துக்காரர் இறந்தாலும் வாரிசுகளைக் குத்தகை கட்டுப்படுத்தும் என்ற வரி, எல்லா வாரிசுகளின் சம்மதம், நீட்டிப்பு விலையை எப்படிக் கணக்கிடுவது என்ற முறை, நீங்கள் வேறொருவருக்குக் குத்தகையை மாற்றிக்கொடுக்கும் உரிமை, கிணறும் பாதையும் மரமும் யாருக்கு என்பது. சான்றிதழ் உள்ள நிலமா என்பதைப் பாஆவில் உள்ள நில அலுவலகத்தில் நோட்டரி வழியாகப் பாருங்கள். ஊர்த் தலைவரின் கடிதம் சான்றிதழ் ஆகாது.

பத்து வருடத்துக்கு மேல் இருக்கத் தீர்மானித்தவருக்கும், சின்ன விடுதி நடத்தும் எண்ணம் உள்ள தம்பதிக்கும் நான் சொல்வது இதைத்தான்.

## வழி மூன்று: ஹக் பகாய்

2021-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் அரசு ஒழுங்குமுறைப்படி, அரசு நிலத்தில் ஹக் பகாய் முதலில் 30 ஆண்டு, நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30. மொத்தம் 80 ஆண்டு என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். தனியாரின் முழு உரிமை நிலத்தின் மேல் பெற்றால் 30 ஆண்டு, பிறகு புதிய பத்திரம் எழுதிப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் பெயர் நிலப் பதிவிலேயே ஏறும். குத்தகையில் கிடைக்காத நிம்மதி அது, வாரிசுகளுக்கும் போகும்.

ஆனால் கிராமத்துக்கு இது பொருந்துவது அபூர்வம். வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு மாகாணவாரியாகக் குறைந்தபட்ச விலை வைத்திருக்கிறார்கள். பத்து சென்ட் மண்ணும் தகரக் கூரை வீடும் அந்த விலையைத் தொடாது. நிலம் சான்றிதழ் பெற்றதாக இருக்க வேண்டும், ஊரில் பாதி நிலத்துக்கு அது இல்லை. வாங்கும்போது 5 சதவீதம் வாங்குபவர் வரி. அந்நாட்டில் தங்கும் தகுதியை இழந்தால் ஒரு வருடத்துக்குள் உரிமையைக் கைமாற்ற வேண்டும். நெம்பரலா பக்கம் ஒரு வருடத்தில் வீடு விற்பது நடக்கிற காரியம் இல்லை. கணிசமான பணத்தோடு, நீண்டகால வசிப்பு அனுமதியோடு, சான்றிதழ் உள்ள பெரிய இடத்தைப் பார்த்து வைத்திருப்பவருக்கு மட்டும் இது சரி.

கம்பெனி தொடங்கிக் கட்டட உரிமை எடுப்பது என்று ஒரு வழி இருக்கிறதே என்பார்கள். வெளிநாட்டு முதலீட்டுக் கம்பெனிக்கு 1,000 கோடி ரூபியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும், நம் கணக்கில் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல். விடுதித் தொழிலே செய்யப்போகிறவருக்கு மட்டும். ஒரு குடும்பம் குடியிருக்க இது வேண்டாம்.

## வழி நான்கு: அடுத்தவர் பெயரில்

நம் மொழியில் இதற்குப் பெயர் இருக்கிறது, பினாமி. உள்ளூர்க்காரர் பெயரில் ஹக் மிலிக் வாங்குவது, அவரிடமிருந்து கடன் பத்திரம், மாற்ற முடியாத பவர், நூறு வருடக் குத்தகை என்று கத்தையாகக் காகிதம் வாங்கிக்கொள்வது. விற்கிறவர்கள் இதை "எல்லோரும் செய்வதுதான்" என்பார்கள்.

1960 சட்டத்தின் 26-ஆம் பிரிவு இரண்டாம் உட்பிரிவைச் சொல்கிறேன். வெளிநாட்டவருக்கு நேரடியாகவோ சுற்றிவளைத்தோ முழு உரிமையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் எந்தச் செயலும் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. அந்தக் கத்தைக் காகிதம் நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாற்றாது. சட்டத்தைச் சுற்றிவளைத்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சியாக நிற்கும்.

என் நண்பர் ஒருவருக்கு நடந்தது இது. அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெயர் கொடுத்தவர் நல்ல மனிதர், கடைசிவரை வார்த்தை தவறவில்லை. ஐந்தாம் வருடம் மாரடைப்பில் இறந்துபோனார். அடக்கத்துக்கு நண்பரும் போய் மண் போட்டார். நாற்பது நாள் கழித்து இறந்தவரின் தங்கைகள் இரண்டு பேர் குப்பாங்கிலிருந்து வந்தார்கள், அண்ணன் சொத்து என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பதிவேட்டில் இருந்தது அண்ணன் பெயர்தான். நண்பர் கட்டிய வீட்டுக்கு நண்பரே வாடகை கொடுத்து எட்டு மாதம் இருந்துவிட்டுக் கிளம்பினார். இந்தியாவிலும் அவரிடம் காட்ட ஒன்றும் இல்லை. அனுப்பிய பணம் அனுப்பியதாக இருந்தது, சொத்து எதுவும் அவர் பெயரில் இல்லை.

எந்தச் சூழலில் இது நல்ல தேர்வு என்று கேட்டால், அப்படி ஒரு சூழல் இல்லை. இந்தோனேசியரைக் கல்யாணம் செய்தவர்கள் "என் மனைவி பெயரில் வாங்குவது பினாமியா?" என்று கேட்கிறார்கள். அது வேறு. அதற்கும் சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் வேண்டும், இல்லையென்றால் கூட்டுச் சொத்தாகி மனைவியின் உரிமையே ஆட்டம் காணும். கல்யாணத்துக்கு முன்னால்தான் அந்த ஒப்பந்தம் போட முடியும் என்று முன்பு இருந்தது. 2016 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் கல்யாணத்துக்குப் பிறகும் போடலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்த நிலை உங்களுக்கு என்றால் நோட்டரியிடம் முதலில் அதை முடியுங்கள்.

## எப்போது போய்ப் பார்ப்பது

இப்போதைக்குக் குத்தகைதான் என்று மனசு சொல்கிறவர்களுக்கு என்னிடம் ஒரு அட்டவணை உண்டு. அக்டோபர் கடைசியில் போங்கள். யார் கிணற்றில் அப்போதும் நல்ல தண்ணீர் வருகிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். எந்த இடம் வேண்டும் என்பது பாதி அங்கேயே முடிவாகிவிடும். அப்படியே ஒரு வீட்டை ஆறு மாதத்துக்கு எடுத்து, டிசம்பர் ஜனவரிக் காற்றில் ஊரோடு சேர்ந்து இருங்கள். கீரையும் பாகும் சாப்பிட்டு, கூரையைக் கயிறு போட்டுக் கட்டி, படகு வராத வாரத்தில் பக்கத்து வீட்டுக்குப் போய் உட்காருங்கள். மார்ச் முடிவில் காற்று இறங்கியதும், நிலத்துக்காரர் வீட்டுத் திண்ணைக்கு வெற்றிலை பாக்கோடு போய், தோஓ எப்போது வருவார் என்று கேளுங்கள்.